கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது நிரந்தரக் கலைப்படைப்பு: எங்கே சறுக்குகிறார்கள்?

பழைய அலுவலகக் கட்டடத்தையோ வணிக வளாகத்தையோ புதுப்பிக்கும்போது வாசலில் ஒரு சிற்பம், லாபியில் பெரிய சுவரோவியம், முகப்பில் உலோக வேலைப்பாடு என்று ஏதாவது நிரந்தரமாக வைக்க உரிமையாளர்கள் ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சு எப்போது எழுகிறது என்று பாருங்கள். டைல்ஸ் ஒட்டி, ஃபால்ஸ் சீலிங்கை மூடி, திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்த பிறகுதான் யாராவது ஒருவர், "அந்தச் சுவர் வெறுமையா இருக்கே, ஏதாவது பண்ணலாமே" என்பார். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி அந்தத் தாமதத்திலிருந்து கிளைப்பவை என்பதே என் கணிப்பு.

கலைஞரைக் கடைசியில் கூப்பிடுவது

ரெனோவேஷனின் நடுவில் கட்டடம் திறந்து கிடக்கும். பிளாஸ்டர் உரிந்த சுவர், வெளியே தெரியும் பீம், வயரிங்குக்காக வெட்டிய காடி எல்லாம் கண்ணெதிரே இருக்கும். அந்த நேரத்தில் ஒரு பீமில் இரும்புத் தகடு பதிப்பதும், விளக்குக்கு ஒரு குழாய் இழுப்பதும் பெரிய செலவல்ல. எல்லாம் மூடிய பிறகு அதே வேலைக்கு டைல்ஸை உடைக்க வேண்டும், தரைக்கு அடியில் போட்ட வாட்டர்ப்ரூஃபிங்கைத் துளைக்க வேண்டும். துளைத்த இடம் வழியாக மழைநீர் கீழ்த்தளத்தில் சொட்டத் தொடங்கினால், ஓட்டை போட்டவரும் வாட்டர்ப்ரூஃபிங் செய்தவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். உத்தரவாதம் அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

பழைய கட்டடத்தில் இன்னொரு சிக்கல், டிராயிங்கில் ஒன்றும் தளத்தில் வேறொன்றும் இருப்பது. ஸ்லாப் எவ்வளவு எடை தாங்கும் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். சிகாகோவில் அனிஷ் கபூர் செய்த 'கிளவுட் கேட்' என்ற பளபளக்கும் சிற்பம் வெறும் தரைமேல் நிற்கவில்லை. அதன் அடியிலும் கட்டடம் இருக்கிறது, மேலே சுமார் 100 டன் எஃகு. 168 தகடுகளைப் பற்றவைத்து, மூட்டுகள் தெரியாமல் மெருகேற்ற வேண்டியிருந்தது. 2004-இல் வேலை முடியாமலே மக்களுக்குக் காட்டினார்கள், முழுதாக முடிந்தது 2006-இல். 60 லட்சம் டாலரில் ஆரம்பித்த மதிப்பீடு 2 கோடியே 30 லட்சம் டாலரில் வந்து நின்றது. அவ்வளவு புகழ் பெற்ற படைப்புக்கே இந்தக் கதை என்றால், திறப்பு விழாவுக்கு மூன்று மாதம் முன்பு கலைஞரைத் தேடுபவர் நிலைமையை யோசியுங்கள்.

அப்புறம், வழி. லாபியின் உயரத்தை அளந்து "நாலு மீட்டர் தாராளம்" என்று சொல்லிவிடுவார்கள். சர்வீஸ் லிஃப்ட்டின் கதவு, நடைபாதையின் திருப்பம், ஏற்றி இறக்கும் இடத்தின் கூரை, இவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் உண்மையான அளவு. முகப்புக் கண்ணாடி போடும் முன்பானால் கிரேனில் ஒரே துண்டாக உள்ளே விட்டுவிடலாம். போட்ட பிறகு, சிற்பத்தை இரண்டாக வெட்டிக் கொண்டுவந்து உள்ளே வெல்டிங் செய்ய வேண்டும். அந்தத் தழும்பு எவ்வளவு தேய்த்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும்.

பத்துப் பேரிடம் இலவச டிசைன் கேட்பது

"ஐடியா அனுப்புங்க, பிடிச்சா பண்ணலாம்" என்று பத்துக் கலைஞர்களுக்கு மெயில் போடுவது மரியாதையும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. கைதேர்ந்தவர்கள் பதிலே போட மாட்டார்கள். போடுபவர்கள் ஏற்கெனவே வேறு இடத்துக்குச் செய்த படத்தை உங்கள் சுவர்மேல் ஒட்டி அனுப்புவார்கள். முதலில் பழைய வேலைகளைப் பாருங்கள். அதிலும் செய்து ஐந்தாறு வருடமான வேலையைப் போய்ப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது எல்லாமே அழகுதான். மூன்று நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் கட்டணம் கொடுத்து, இடத்தைக் காட்டி, அதற்கென்றே யோசிக்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் வரைந்த 3டி படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. அந்தப் படத்தில் எப்போதும் மாலை வெயில், எப்போதும் நான்கு பேர் சிரித்தபடி நடப்பார்கள். உண்மையான பொருளில் ஒரு துண்டு செய்து, அதே இடத்தில், காலை, மதியம், இரவு விளக்கு என மூன்று வேளையும் வைத்துப் பார்க்க வேண்டும். பளபளக்கும் எஃகு என்றால் இது கட்டாயம். லாஸ் ஏஞ்சலிஸ் வால்ட் டிஸ்னி கான்சர்ட் ஹாலில் சில தகடுகள் வெயிலைத் திருப்பி அடித்து அக்கம்பக்கத்தாரைக் கூசவும் வேகவும் வைத்ததால், 2005-இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். லண்டனில் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்தின் உள்வளைந்த கண்ணாடி 2013-இல் தெருவில் நின்ற காரின் பாகங்களையே உருக்கியது. குழிந்த, மெருகேற்றிய சிற்பமும் வெயிலில் இதையே செய்யும்.

தினமும் கடந்து போகிறவர்களைக் கேட்காமல் விடுவது

நியூயார்க்கில் அரசு அலுவலகங்கள் சூழ்ந்த ஃபெடரல் பிளாசாவில் ரிச்சர்ட் செர்ராவின் 'டில்டட் ஆர்க்' என்ற சிற்பம் 1981-இல் வைக்கப்பட்டது. 120 அடி நீளம், 12 அடி உயரம், சாய்ந்து நிற்கும் துருநிற எஃகுச் சுவர். மைதானத்தைக் குறுக்கே கடக்க முடியவில்லை என்று அங்கே வேலை செய்தவர்கள் கொதித்தார்கள். 1985-இல் பொது விசாரணை நடந்தது. பேசியவர்களில் அதிகம் பேர் இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். இருந்தும் 1989-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். செர்ரா அந்த இடத்துக்கென்றே செய்தது அது, வேறு எங்கும் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. அந்த நடை மறிக்கப்படுவதுதான் படைப்பின் நோக்கமே. அதைப் பாராட்டவும் செய்யலாம், திட்டவும் செய்யலாம். ஆனால் தினம் அதைச் சுற்றிக்கொண்டு போகப்போகிறவர்களிடம் யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசவில்லை என்பதுதான் பிரச்சினையின் வேர்.

வணிகக் கட்டடத்தில் இது இன்னும் சீக்கிரம் நடந்துவிடும். இசாமு நொகுச்சி நியூயார்க்கில் ஒரு வங்கியின் லாபியில் தொங்கவிட்ட கூர்முனைச் சிற்பத்தை, சில ஆண்டுகளிலேயே, 1980-இல், துண்டுகளாக வெட்டி அகற்றினார்கள். தலைக்கு மேல் ஒரு கூர்முனை தொங்குகிற இடத்தில் நாள்தோறும் நடப்பது எப்படி இருக்கும் என்று வரவேற்பு மேஜையில் உட்காரும் ஊழியரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எல்லாருக்கும் பிடித்ததைச் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் செய்தால் கடைசியில் ஒரு வட்டமும் நீரூற்றும்தான் மிஞ்சும்.

தண்ணீரை மறப்பது

வெளியில் நிற்கும் படைப்பைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். மேற்பரப்பில் சிறு சரிவு இல்லாவிட்டால் நீர் தேங்கும், தேங்கிய இடத்தில் அழுக்கு கோடாக இறங்கும். கார்ட்டன் எஃகு மேலே ஒரு துருப்படலம் உருவாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். நீர் தேங்கினாலோ கடல் உப்பு படிந்தாலோ அது அரிக்கப்பட்டுக்கொண்டே போகும். முதல் சில மழைகளில் வழியும் செம்பழுப்பு நீர், கீழே புதிதாகப் போட்ட வெளிர்நிறக் கிரானைட்டில் ஊறிவிடும். அதைப் போக்குவது பெரும் பாடு. சுற்றிலும் சரளைக் கல் பட்டையோ வடிகாலோ விட்டிருந்தால் தீர்ந்தது.

கடலோரத்தில் 304 ரகத் துருப்பிடிக்கா எஃகு தேநீர்க் கறைபோலப் புள்ளி விடும், 316 ரகம் மேல். அலுமினியத்தையும் எஃகையும் நேரடியாக போல்ட் போட்டு இணைத்தால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கப்படும். நடுவே ஒரு நைலான் வாஷர் வேண்டும். சில்லறைக் காசு பெறும் அந்த வாஷரை விட்டதால் மொத்தப் பலகையும் கழன்ற வேலைகள் உண்டு.

சுவரோவியத்தில் ஓவியத்துக்கு முன்னால் சுவரைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரின் உச்சியில் விரிசல் இருந்தால் நீர் உள்ளே இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டும் பின்னாலிருந்து தள்ளப்பட்டால் செதில் செதிலாக உதிரும். புதுப் பிளாஸ்டர் நான்கு வாரமாவது காய வேண்டும். சிலிகேட் பெயின்ட் சிமென்ட், சுண்ணாம்புப் பிளாஸ்டரோடு வேதியியலாகவே பிணைந்து நீண்டநாள் நிற்கும், ஆனால் பழைய எமல்ஷன் மேல் அடித்தால் பிடிக்காது, அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். இன்னொன்று, ஏசி வெளி யூனிட்டும் புது வாடகைக்காரரின் பெயர்ப்பலகையும் அந்தச் சுவரில் ஏறாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓவியத்தில் இருக்கும் முகத்தின் நெற்றியில் டிரில் இறங்கும்.

உயரமான படைப்பில் பாதுகாப்பும் அப்படித்தான். மான்செஸ்டரில் தாமஸ் ஹெதர்விக்கின் 'பி ஆஃப் தி பேங்' என்ற சிற்பம் 56 மீட்டர் உயர ஈட்டிக் கொத்து. 2005-இல் திறப்புக்குச் சில நாள் முன்பே ஒரு ஈட்டியின் முனை விழுந்தது. தொடர்ந்து பாதுகாப்புப் பிரச்சினைகள், 2009-இல் கழற்றிவிட்டார்கள்.

எல்.இ.டி. படைப்பு என்றால் 50,000 மணி நேரம் ஓடும் என்பார்கள். தினம் 12 மணி நேரம் எரிந்தால் கணக்குக்குப் பதினோரு வருடம். விளக்கு ஓடும், அதை இயக்கும் கன்ட்ரோலர் முன்னாடியே படுத்துவிடும். உதிரிப் பாகங்களையும் மென்பொருள் நகலையும் கையோடு வாங்கிவையுங்கள். பாஸ்வேர்டும்தான்.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காதது

கலைஞரின் கட்டணம், தயாரிப்பு, இன்ஜினியர், வண்டி, கிரேன், விளக்கு, காப்பீடு, வரி எல்லாம் சேர்ந்ததுதான் பட்ஜெட். அதன்மேல் எதிர்பாராத செலவுக்கு 10 முதல் 15 சதவீதம் கைவசம் இருக்கட்டும். பராமரிப்புக்கு வருடாவருடம் தனித் தொகை வேண்டும். கிளவுட் கேட்டின் கை எட்டும் கீழ்ப்பகுதியை நாளுக்கு இரண்டு முறை துடைக்கிறார்கள்.

ஒரே பக்கத்தில் ஒப்பந்தத்தை முடிப்பது

காசு கொடுத்து வாங்கியதால் எல்லாம் நம்முடையது என்ற நினைப்பு பல நாடுகளில் சட்டப்படி தவறு. பொருள் உங்களுடையது. எழுதி மாற்றித் தராவிட்டால், பதிப்புரிமை (காப்பிரைட்) அந்த நாடுகளில் பொதுவாகக் கலைஞரிடமே இருக்கும். படைப்பின் படத்தைக் கட்டட விளம்பரத்திலும் லோகோவிலும் போடும் உரிமையை முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். படைப்பு சிதைக்கப்படாமல் இருக்கும் உரிமையும் கலைஞருக்கு உண்டு.

டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் புதுப்பிப்பு வேலைக்காகப் பிரித்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. நியூயார்க்கின் 5பாயின்ட்ஸ் கட்டடச் சுவர்களில் இருந்த ஓவியங்களை உரிமையாளர் 2013-இல் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்தார். 2018-இல் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரும்படி தீர்ப்பு, 2020-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அங்கே சட்டப்படி 90 நாள் எழுத்துமூல அறிவிப்பு கொடுத்திருந்தால், கலைஞர்களே அகற்றிக்கொள்ளவோ ஆவணப்படுத்தவோ நேரம் கிடைத்திருக்கும்.

ஆகவே அகற்றுவது பற்றி ஆரம்பத்திலேயே பேசுங்கள். கல்யாணத்தன்று விவாகரத்தைப் பேசுவதுபோலக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கட்டடம் விற்கப்பட்டால் படைப்பு யாருடையது, மறுபடி ரெனோவேஷன் வந்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், பெயர்க்கும் செலவு யாருடையது, கலைஞர் காலமானால் யாரிடம் கேட்பது, பழுதை யார் பார்ப்பது எல்லாம் எழுத்தில் வர வேண்டும். அலெக்சாண்டர் கால்டரின் கறுப்பு வெள்ளை 'பிட்ஸ்பர்க்' தொங்குசிற்பம் நன்கொடையாகப் போன இடத்தில், அதை அந்த ஊர் மாவட்ட நிர்வாகத்தின் நிறங்களான பச்சையிலும் தங்கத்திலும் பூசிவிட்டார்கள். "நிறம் மாற்றக் கூடாது" என்று ஒரு வரி போதும்.

வேலை முடிந்ததும் பெயின்டின் கம்பெனி, நிறக் குறியீடு, போல்ட் இடங்களைக் காட்டும் டிராயிங், எதைக் கொண்டு துடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்ற பட்டியல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். துப்புரவு ஊழியர்களுக்கும் அதை அவர்கள் பேசும் மொழியில் ஒரு பக்கமாக எழுதி, சாமான் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட் அந்த அறையில்தான் இருக்கும்.