வாங்கிய பாட்டைப் பிரதி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக வாங்கிய சி.டி.யைக் கணினியில் ஏற்றினாலே இசை நிறுவனங்கள் வழக்குப் போடும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம். காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது, இனி யார் கேட்பது என்று துணிகிறவர்கள் மறுபக்கம். இரண்டு பேரும் தவறான இடத்தில்தான் நிற்கிறார்கள். இந்தச் சண்டையின் பெரும்பகுதி அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்தது என்பதால், அங்கிருந்தே பார்க்கலாம்.

முதல் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சொந்த சி.டி.யைக் கணினிக்கு மாற்றுவதே சட்டவிரோதம் என்று இசைத்துறை சொல்வதாக, 2007 டிசம்பர் இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அரிசோனாவைச் சேர்ந்த ஒருவர் மீதான வழக்கின் மனுதான் அதற்கு ஆதாரம். ஆனால் அந்த மனுவில் இருந்த வாக்கியம் வேறு: பாடல்கள் எம்பி3 ஆக மாற்றப்பட்டு, அவருடைய பகிர்வுக் கோப்புறையில் இருக்கும் நிலையில், அவை நிறுவனங்கள் அனுமதித்த பிரதிகள் அல்ல. 'பகிர்வுக் கோப்புறையில்' என்ற சொற்களில்தான் வழக்கே அடங்கியிருந்தது. ஊரெல்லாம் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்ததுதான் குற்றச்சாட்டு. பத்திரிகை பிறகு திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? இன்றும் அந்தப் பழைய செய்திதான் கைமாறிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் இசைத்துறை இதை ஏற்றுக்கொண்டுவிட்டதா? இங்கேதான் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். 2005 மார்ச்சில், கோப்புப் பகிர்வு மென்பொருளான குரோக்ஸ்டர் மீதான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. விலைக்கு வாங்கிய சி.டி.யைக் கணினியில் ஏற்றி ஐபாடில் போட்டுக்கொள்வது முற்றிலும் சட்டப்படியானது என்று இசை நிறுவனங்களின் வழக்கறிஞர் நீதிபதிகள் முன்னிலையில் சொன்னார். பலர் இதை ஒரு பட்டயம் போல மேற்கோள் காட்டுகிறார்கள். ஓராண்டுகூட முடியவில்லை. 2006 தொடக்கத்தில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் அளித்த மனுவில் இதே துறையினர் எழுதியது வேறு: பிரதி எடுக்க வழக்கமாக அனுமதி கொடுத்து வருகிறோம் என்பதாலேயே, அந்த அனுமதியை மறுக்கும்போதும் அது நியாயமான பயன்பாடு (உரிமையாளரைக் கேட்காமலே சட்டம் ஏற்கும் உபயோகம்) ஆகிவிடாது. 2007 அக்டோபரில், ஒரு வழக்கில் சாட்சி சொன்ன சோனி பிஎம்ஜி இசை நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர், வாங்கிய பாட்டை ஒரு பிரதி எடுப்பதையும் திருட்டு என்றே வர்ணித்தார்.

அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம் பொதுமக்களுக்குச் சொல்லி வந்ததையும் ஊன்றிப் படிக்க வேண்டும். பிரதி எடுக்கச் சட்டப்படியான உரிமை எதுவும் இல்லை. ஆனால் நீங்களே நியாயமாக வாங்கிய அசல் சி.டி.யிலிருந்து, உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் எடுத்தால் 'பொதுவாக' ஆட்சேபம் எழாது. அந்தப் 'பொதுவாக' என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். கண்டும் காணாமல் விடுவது சலுகை, உரிமை அல்ல. சலுகையைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். கேட்பவர்களை இப்படி நிரந்தரமாகத் தயவில் நிறுத்தி வைப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. வீட்டுக்குள் எடுக்கும் ஒரு பிரதிக்குச் சட்டமே தெளிவாக இடம் தந்திருக்க வேண்டும்.

சட்டம் இடம் தந்திருக்கிறதே என்று 1992-ஆம் ஆண்டின் வீட்டு ஒலிப்பதிவுச் சட்டத்தைச் சிலர் காட்டுவார்கள். வணிக நோக்கமின்றிப் பிரதி எடுக்கும் நுகர்வோர் மீது வழக்குத் தொடர முடியாது என்று அதில் இருப்பது உண்மைதான். அந்தப் பாதுகாப்புக்குப் பதிலாக டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவிகளுக்கும் வெற்று வட்டுகளுக்கும் விலையோடு ஒரு கட்டணம் வசூலிக்கப்பட்டது. 'மியூசிக்' என்று அச்சிட்ட வெற்று சி.டி., சாதாரண டேட்டா சி.டி.யைவிடக் கூடுதல் விலைக்கு விற்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ரியோ என்ற எம்பி3 கருவியைத் தடுக்கச் சங்கம் தொடுத்த வழக்கில், 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கணினி அந்தச் சட்டம் சொல்லும் ஒலிப்பதிவுக் கருவி அல்ல என்றது. ஏற்கெனவே கையில் உள்ள பாட்டை எடுத்துச் செல்ல வசதியாக மாற்றிக்கொள்வது வணிகம் சாராத தனிப்பட்ட பயன்பாடுதான் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கேட்பவர்களுக்குக் கிடைத்த நல்ல வாசகம் இது. இருந்தாலும், கணினிப் பிரதி ஒவ்வொன்றுக்கும் 1992 சட்டத்தைக் கவசமாகப் பிடிப்பது தவறு.

பணம் பறிபோகும் தவறு பகிர்வதுதான். மின்னசோட்டாவைச் சேர்ந்த ஒரு பெண் மீது, கசா மென்பொருள் வழியே 24 பாடல்களைப் பகிர்ந்ததாக வழக்கு. 2007-இல் நடுவர் குழு பாட்டுக்கு 9,250 டாலர் வீதம் 2,22,000 டாலர் விதித்தது. மறுவிசாரணையில் அது 19,20,000 டாலராக எகிறியது. பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் பழைய 2,22,000-ஐயே மீண்டும் நிலைநாட்டியது. கடையில் ஒரு டாலருக்குக் கிடைத்த பாட்டுக்கு இது கொடூரமான தொகை. ஆனாலும் சட்டத்தின் வரம்புக்கு உட்பட்டதே. இத்தகைய பகிர்வு மென்பொருளே உங்கள் கோப்புறையைத் தானாகத் திறந்து வைத்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பிரதி எடுத்துவிட்டு அசலைப் பழைய கடையில் விற்பதும், நண்பருக்குக் கொடுத்துவிட்டுக் கோப்பை மட்டும் வைத்துக்கொள்வதும் சின்ன விஷயமாகத் தோன்றும். அசல் கையை விட்டுப் போனபின், 'என்னுடையதைத்தான் பிரதி எடுத்தேன்' என்ற வாதத்துக்குப் பிடிமானம் இல்லை. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் குற்றமில்லை என்பது வெறும் கட்டுக்கதை.

ஒரு நாட்டின் விதியை இன்னொரு நாட்டில் பொருத்திப் பார்ப்பது அடுத்தது. பிரிட்டனில் வாழும் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே 2014 அக்டோபரில் சொந்தப் பிரதி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. இசைக் கலைஞர்களின் அமைப்புகள் வழக்குத் தொடுக்க, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஓராண்டுகூட நீடிக்காத அந்தச் சலுகையை நம்பி இன்றும் சிலர் பேசுகிறார்கள். ஜெர்மனி 1965-லேயே ஒலிப்பதிவுக் கருவிகளின் மீது கட்டணம் வைத்து, அதைப் படைப்பாளிகளுக்குக் கொடுத்து, வீட்டுப் பிரதியை அனுமதித்தது. எனக்கு நியாயமாகப் படுவது அந்த வழிதான்.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. முன்பு அந்த விலக்கில் இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகள் மட்டுமே இருந்தன. இசை என்றால் பாட்டின் மெட்டு. ஒலிப்பதிவு தனி உரிமை. 2012 திருத்தம்தான் கணினி நிரல் நீங்கலாக 'எந்தப் படைப்பும்' என்று அதை விரித்தது. ஆகவே பழைய கேசட்டை உங்கள் கணினிக்கு மாற்றிக் கேட்பதற்கு இன்று நல்ல ஆதாரம் இருக்கிறது. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் வாங்கிக்கொண்டு காசுக்குப் பதிந்து தந்த அந்தக் கால ரெக்கார்டிங் சென்டர்களுக்கு இது பொருந்தாது. பென் டிரைவில் பாட்டு நிரப்பித் தரும் கடைக்கும் பொருந்தாது. அதே 2012 திருத்தம் டிஜிட்டல் பூட்டை, அதாவது பிரதி எடுக்கவிடாமல் கோப்பில் வைக்கும் தடையை, உடைப்பதற்கும் தண்டனை வைத்தது. மாதச் சந்தா செயலியில் ஆஃப்லைனில் சேமித்த பாட்டு அத்தகைய பூட்டுக்குள்தான் இருக்கிறது. சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். நிரந்தரமாக வேண்டிய பாட்டை, பூட்டில்லாத கோப்பாகவோ சி.டி.யாகவோ விலைக்கு வாங்கி, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.