1946இல் நெல்லையில் ஒரு பெண் துப்பறிகிறாள்: நாவல் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

உலகப் போர் முடிந்த மறுவருஷம், பாளையங்கோட்டை. ஒரு பெண் கொலைக்குத் துப்பு துலக்குகிறாள். இப்படி நாவல் எழுத ஆசைப்பட்ட சில நண்பர்களின் கைப்பிரதிகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் கதை நன்றாகவே இருந்தது, காலம்தான் ஒட்டவில்லை. பழைய காலம் என்றால் மாட்டுவண்டி, பெட்ரோமாக்ஸ், கொஞ்சம் அல்வா என்று தூவிவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலத்துப் பஞ்சமும் கட்டுப்பாடும்தான் துப்பாக வேண்டும் என்பது என் கட்சி.

முதல் சறுக்கல், அவளுக்குக் காக்கி போட்டுவிடுவது. தமிழ்நாட்டுப் போலீசில் பெண்கள் சேர்ந்தது 1973இல்தான். 1946இல் அவள் டீச்சராக இருக்கலாம், நர்சாக, மருத்துவச்சியாக இருக்கலாம். 1942இல் தொடங்கிய பெண்கள் துணைப் படையில் சங்கேதச் செய்திகளைக் கையாண்டுவிட்டு ஊர் திரும்பியவளாகவும் இருக்கலாம். இன்ஸ்பெக்டர் திண்ணையில் உட்கார்ந்து ஆண்களை விசாரிக்கும்போது, அவள் புறவாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அதுதான் அவள் பலம்.

ஆனால் எந்த வீட்டுப் புறவாசல்? பிரசவத்துக்கு அடுக்களை வரை விட்ட வீடு, மறுமாசம் அவளைத் திண்ணையில்கூட ஏற்றாமல் போகலாம். சாதியைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டு, போகிற வீட்டிலெல்லாம் நடுக்கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். அவளுக்கு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பதிலேயே பாதி நாவல் இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் அவளுக்குத் துலக்க என்ன மிஞ்சும்?

அடுத்தது, போர் முடிந்தது, ஊரே கொண்டாடியது என்று எழுதுவது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. போர் முடிந்த பிறகும் ரேஷன் போகவில்லை. அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. அப்படிப்பட்ட நாளில், செத்துப்போனவர் வீட்டு அலமாரியில் ஒரு வீசை (ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு) அல்வா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெய் பளபளக்கிறது, வாழையிலை இன்னும் வாடவில்லை. நம் ஆட்கள் இதை ஊர் மணத்துக்காக எழுதுவார்கள். அவளோ அதைப் பார்த்ததும், இவ்வளவு சர்க்கரை யார் கொடுத்தது என்று கேட்பாள். கள்ளச்சந்தை வியாபாரி அந்த அல்வாவிலேயே மாட்டிக்கொள்வான்.

ரேஷன் கார்டும் அப்படித்தான். கார்டில் நாலு பேர், வாங்குகிற அரிசியும் நாலு பேருக்கு. ஆனால் சாப்பாட்டுக்கு மூன்று இலைதான் விழுகிறது. இதை எந்த இன்ஸ்பெக்டரும் பார்க்க மாட்டார். பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தெரியும்.

கொலைக்கான காரணத்திலும் கோட்டை விடுகிறார்கள். அப்பா சொத்தில் சரிபாதி கேட்டுத் தங்கை அண்ணனோடு கோர்ட்டுக்குப் போகிறாள் என்று ஒரு பிரதியில் இருந்தது. மகளுக்கு அப்பா சொத்தில் மகனோடு சேர்ந்து பங்கு கொடுத்த இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956இல். அன்றைக்கு இருந்தது 1937ஆம் வருஷச் சட்டம். அது விதவைக்குப் பங்கு தந்தது, ஆனால் அவள் ஆயுள் மட்டும் அனுபவிக்கிற உரிமை. இதிலிருந்தே எவ்வளவு வலுவான கதை கிடைக்கிறது பாருங்கள். ரங்கூனுக்குப் போன புருஷனிடமிருந்து 1942க்குப் பிறகு கடுதாசி இல்லை. ஏழு வருஷம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 1946இல் அவள் சட்டப்படி விதவையும் இல்லை, கூட வாழப் புருஷனும் இல்லை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று குங்குமச் சிமிழைத் திறக்கிறாள், விரல் அப்படியே நிற்கிறது. கொழுந்தனுக்கோ வீடு வேண்டும். துப்பறிகிறவளே அந்தப் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. 1957 ஏப்ரலுக்கு முன்னால் ரூபாய்க்குப் பதினாறு அணா, நூறு பைசா கிடையாது. கிலோவும் கிடையாது. ரயில் பாதைக்கு மேலே போகிற ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் எழுபதுகளில்தான் வந்தது. அவள் தாமிரபரணி ஆற்றைக் கடக்க 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது. மணிமுத்தாறு அணை 1950களில்தான் கட்டப்பட்டது. தூத்துக்குடி, தென்காசி எல்லாம் அன்றைக்கு ஒரே திருநெல்வேலி ஜில்லா. வயல்காட்டில் எண்ட்ரின் குடித்துச் சாக முடியாது, அந்தப் பூச்சிமருந்து அப்போது இங்கே இல்லை.

பிணத்தைப் பார்த்ததும் போலீசுக்குப் போன் போடுகிறார்களே, அது எந்தக் கிராமத்தில்? ஊர்க் காவல்காரரான தலையாரி ஓடிப்போய், ஊர்த் தலைமை அதிகாரியான கிராம முன்சீப்பிடம் சொல்லுவார், முன்சீப் ரிப்போர்ட் எழுதுவார், அது ஸ்டேஷனுக்கு ஆள் மூலம் போகும். அரை நாள் ஆகிவிடும். அந்த அரை நாள் அவளுக்கானது.

செங்கோட்டையை மறந்துவிடுவது பெரிய நஷ்டம். 1956 நவம்பர் வரை அது திருவிதாங்கூரோடு இருந்தது. தென்காசியிலிருந்து அஞ்சாறு மைல் போய்விட்டால் கொலைகாரன் வேறு ராஜ்யத்தில் இருப்பான், நம்மூர் இன்ஸ்பெக்டர் நேரே போய் விலங்கு மாட்ட முடியாது. அங்கே சக்கரம் என்று காசே வேறு. செத்தவர் மடியில் ஒரு சக்கரம் கிடந்தால் போதும், கதை மேற்கே திரும்பிவிடும்.

பேச்சு வழக்கில், நெல்லைக்காரர் வாயில் ‘இங்கிட்டு அங்கிட்டு’ வந்தால் எனக்கு மதுரை பஸ்ஸில் ஏறிய மாதிரி இருக்கிறது. இங்கே ‘இங்ஙன, அங்ஙன’. ‘வே’ ஆண்களைப் பார்த்துச் சொல்வது. டீச்சரைப் பார்த்து ஏட்டையா ‘என்னவே’ என்று கேட்க மாட்டார், ‘என்ன டீச்சரம்மா, இங்ஙன நிக்கிய?’ என்பார்.

அப்புறம் பருவம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் ஆடி மாசம் கொலை, மூன்றாம் நாள் அவள் காலடித் தடத்தை அளக்கிறாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆடிக் காற்றில் அந்தச் செம்மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் பதிந்த தடம் சாயங்காலம் கிடக்காது. வேட்டி மடிப்பில் ஏறிய சிவப்பு மட்டும் லேசில் போகாது. அவள் தேரிக்கே போக வேண்டாம். அந்த வாரம் யார் வீட்டு வேட்டி வெளுக்கவில்லை என்று ஊருக்குத் துணி வெளுக்கிற அம்மாளிடம் கேட்டால் சொல்லிவிடுவாள்.