சூரியகாந்தி விதையிலிருந்து கீரைக்கு: எங்கள் காக்டீல் மாறிய விதம்

எங்கள் காக்டீல் கிளி வரும்போதே சூரியகாந்தி விதைக்குப் பழகியிருந்தது, வேறெதையும் தொடாது. அந்த விதையில் கொழுப்பு அதிகம், கால்சியமும் வைட்டமின் ஏ-யும் குறைவு. அதையே தின்றால் ஈரல் கெடும்.

ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, பட்டினி கிடந்துவிடும். சேலம் லீ பஜாரில் வாங்கிய உமி நீக்காத தினையைக் கலந்து, விதையை வாராவாரம் குறைத்தேன். காலைப் பசியில் முதலில் கேரட் துருவல், முருங்கைக்கீரை. கீரையைக் கிண்ணத்தில் வைத்தால் திரும்பிப் பார்க்காது. ஈரத்தோடு கொத்தாகக் கம்பியில் தொங்கவிட்டதும் கொத்த ஆரம்பித்தது! எதிரே உட்கார்ந்து நானும் கேரட் கடித்தது உதவியது. தினமும் சமையல் தராசில் எடை பார்த்தேன். காக்டீலுக்குப் பொதுவாக 80 முதல் 100 கிராம் சரி. எடை இறங்கினால் விதையைக் கொஞ்சம் கூட்டினேன். அப்புறம் பெல்லட் என்ற, கிளிகளுக்கென்றே செய்த குருணைத் தீவனத்தையும் தின்னப் பழகியது.

நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று: ஏற்காட்டிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டை ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள பெர்சின் என்ற நச்சு கிளியின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். காபியும் ஆகவே ஆகாது. ஏற்காட்டு ஆரஞ்சுச் சுளையில் சிறு துண்டு கொடுக்கலாம், கொட்டையை எடுத்துவிட்டு.