பெட்ரோல் ஜிம்னிக்கு டர்போ: கணக்கு முதலில், ஸ்பேனர் அப்புறம்

ஆஃப்ரோடு வண்டிக்கு எத்தனை ஹெச்பி வேண்டும் என்று யாராவது கேட்டால், எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பாறை ஏறுகிறவருக்கு ஒரு பதில், மணலில் ஓட்டுகிறவருக்கு வேறு பதில். அதைப் பார்க்காமல் டர்போ (இஞ்சினின் புகையால் சுழன்று, கூடுதல் காற்றை இஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி) மாட்டினால் பணமும் போகும், கூடவே இஞ்சினும் போகும்.

உதாரணத்துக்கு மாருதி சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். 1.5 லிட்டர் கே15பி இஞ்சின், டர்போ கிடையாது. 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 103 ஹெச்பி, 4000 ஆர்பிஎம்மில் 134 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை).

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் முதலில் இதைத்தான் பார்ப்பார். அதனால் கீழே சொல்வதெல்லாம் லாரியில் ஏற்றிப்போய்த் தனியார் நிலத்திலோ போட்டித் தடத்திலோ ஓட்டுகிற வண்டிக்கு மட்டும்.

படி 1: இழுவையைக் கணக்கிடுங்கள்

ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி 1500 கிலோ என்று வைப்போம். 30 டிகிரி சரிவில் ஏற வேண்டும். எடையில் பாதி பின்னால் இழுக்கும், அதாவது சுமார் 7360 நியூட்டன். டயர் உருள்வதற்கான எதிர்ப்பையும் சேர்த்தால் 8000. டயரின் ஆரம் 0.34 மீட்டர், ஆகவே சக்கரங்களில் மொத்தம் 2720 நியூட்டன் மீட்டர் வேண்டும்.

இப்போது கியர். முதல் கியர் 4.425, லோ ரேஞ்ச் (கடினமான பாதைக்கான மெதுவான கூடுதல் கியர்) 2.002, டிஃபரன்ஷியல் (அச்சில் இருக்கும் கடைசிக் கியர்) 4.09. மூன்றையும் பெருக்கினால் 36.2. 2720-ஐ இதனால் வகுத்து, வழியில் வீணாகும் 15 சதவீதத்தையும் சேர்த்தால், இஞ்சின் கொடுக்க வேண்டியது 88 நியூட்டன் மீட்டர்தான். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சின் 1400 ஆர்பிஎம்மில் சுற்றும். செலவாகும் சக்தி வெறும் 17 அல்லது 18 ஹெச்பி!

ஆக, பாறை ஏறுவதற்கு டர்போ தேவையே இல்லை. வண்டி இழுக்கவில்லை என்று தோன்றினால் கோளாறு பெரும்பாலும் கியரில்தான் இருக்கும். பெரிய டயர் மாட்டியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். டயர் பெரிதானால் கியர் விகிதம் போதாமல் போகும். டர்போவுக்கு வைத்த பணத்தில் பாதியை டிரான்ஸ்ஃபர் கேஸில் (லோ ரேஞ்ச் இருக்கும் பெட்டி) கியர் மாற்றச் செலவழித்தாலே வண்டி ஆடாமல் ஏறும். ஜப்பானில் விற்கும் ஜிம்னிக்கு 660 சிசி டர்போ இஞ்சின்தான், 64 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர். அந்தச் சின்ன இஞ்சினை வைத்துக்கொண்டே அங்கே மலைப் பாதைகளில் சுற்றுகிறார்கள்.

படி 2: மணலும் உயரமும்

கதை மாறுவது மணலில். ஜெய்சல்மேர் பக்கம் சாம் மணல்மேடுகள் போன்ற இடங்களில் டயர் புதைந்து உருள்வதால் எதிர்ப்பு எடையில் நாலில் ஒரு பங்கு வரை போகலாம். 10 டிகிரி மேட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் ஏற வேண்டுமானால், இஞ்சினிடமிருந்து சுமார் 135 ஹெச்பி வேண்டும். 103 ஹெச்பி இஞ்சின், அதுவும் 6000 ஆர்பிஎம்மில் அலறிக்கொண்டு, அதே மேட்டில் 38 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தாங்காது. வேகம் விழுந்தால் டயர் தோண்டும், தோண்டினால் வண்டி உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது, உயரம். லடாக்கின் கார்துங் லா 5359 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 58 சதவீதம்தான். டர்போ இல்லாத இஞ்சின் ஏறத்தாழ அதே அளவுக்குச் சுருங்கும், ஜிம்னிக்கு 60 ஹெச்பி மிஞ்சும். டர்போ இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும்.

இந்த இரண்டில் ஒன்று உங்கள் தேவை என்றால் மேலே படியுங்கள். மணல்தான் பிரச்சினை என்றால், முதலில் டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லை.

படி 3: இஞ்சினின் உடல்நிலை

சூடான இஞ்சினில் நாலு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, காம்ப்ரஷன் (சிலிண்டரில் உருவாகும் அழுத்தம்) பாருங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போவை மறந்துவிட்டு இஞ்சின் வேலையைப் பாருங்கள். கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

படி 4: டர்போ அளவு

புதிதாக இறங்குகிறவர்கள் பெரிய டர்போவைத்தான் கேட்பார்கள். ஆஃப்ரோடுக்கு அது வேண்டாம். உங்களுக்கு வேண்டியது 2000 ஆர்பிஎம்மை ஒட்டியே எழும் காற்றழுத்தம், 6000-ல் வருவது அல்ல. மஹிந்திரா தார் 2.0 பெட்ரோலைப் பாருங்கள், மேனுவல் மாடலில் 300 நியூட்டன் மீட்டரும் 1250 ஆர்பிஎம்மிலிருந்தே கிடைக்கிறது. கேரட் ஜிடி1544 அளவிலான சின்ன டர்போ 1.5 லிட்டருக்குப் போதும்.

அழுத்தத்தை 0.4 பாரில் நிறுத்துங்கள், அதாவது சுமார் 6 பிஎஸ்ஐ. ஜிம்னியின் காம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டர் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 10:1, பிஸ்டனும் ராடும் கம்பெனி போட்டவை. அதற்கு மேல் போகிற தைரியம் இஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டியவர்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

படி 5: சூடான காற்று

அழுத்தினால் காற்று சூடாகும். வெளியே 35 டிகிரி என்றால், 0.4 பார் அழுத்திய பிறகு டர்போவிலிருந்து வரும் காற்று 80 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரிந்துவிடுவதால் உங்களுக்குக் கிடைப்பது 22 சதவீதம் கூடுதல் காற்றுதான். இன்டர்கூலர் (இந்தக் காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் அது 33 சதவீதமாகும். 103 ஹெச்பி 137 ஆவது இப்படித்தான், காகிதத்தில்.

சாலை வண்டிக்காரர்கள் சொல்லாத ஒன்று: மணிக்கு 5 கிலோமீட்டரில் எதிர்க்காற்றே இருக்காது. முன்னால் மாட்டிய இன்டர்கூலர் ரேடியேட்டரின் சூட்டை வாங்கிக்கொண்டு தானே அடுப்பாகிவிடும். அதற்கென்று தனி மின்விசிறி போடுங்கள், அல்லது தண்ணீரால் குளிர்விக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: பெட்ரோலும் டைமிங்கும்

பெரும்பாலான இஞ்சின்கள் உயிரை விடுவது இங்கேதான். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் போகாவிட்டால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது) வரும். டர்போ இஞ்சினில் நாக்கிங் என்றால் 'டிக் டிக்' சத்தத்தோடு முடியாது, பிஸ்டனின் ரிங் மேடை உடைந்து ஆயிலோடு சேரும்.

இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி) கணக்கு எளிது. ஒரு ஹெச்பிக்கு நிமிடத்துக்கு 6.3 மில்லி என்று வையுங்கள். 135 ஹெச்பிக்கு 850 மில்லி. நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்து, ஒவ்வொன்றும் 80 சதவீத நேரம் மட்டும் திறந்திருக்க வேண்டும் என்று பார்த்தால், தலைக்கு 266 மில்லி. 300 மில்லி இன்ஜெக்டர் வாங்கினால் கொஞ்சம் இடைவெளியும் இருக்கும். வண்டியின் பெட்ரோல் பம்ப் அந்த அளவு கொடுக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு டிகிரி பின்தள்ளி ஆரம்பியுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். முழு அழுத்தத்தில் லாம்ப்டா (1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியளவு, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) 0.80 பக்கம் இருக்கட்டும். காற்று–பெட்ரோல் விகிதத்தில் பேசாதீர்கள். நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்கு அதற்குப் பொருந்தாது. கம்பெனி ஈசியூவை (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) ஏமாற்றும் சின்னப் பெட்டிகளை நான் நம்புவதில்லை, முழுதாகப் புரோகிராம் செய்யக்கூடிய ஈசியூ வாங்குங்கள்.

பெட்ரோல் காருக்கு டர்போ போட்ட முன்னோடிகளுக்கே இந்தத் தலைவலி இருந்தது. 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் காம்ப்ரஷன் விகிதம் 10.25:1. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றச் சொன்னார்கள். பலர் ஊற்ற மறந்தார்கள்.

படி 7: ஆயில் திரும்பும் வழி

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆயில் உள்ளே அழுத்தத்தோடு போகிறது, வெளியே வருவதோ புவியீர்ப்பில் மட்டும். சமதளத்தில் சரியாக இறங்கும் குழாய், வண்டி 30 டிகிரி சாய்ந்தால் கிடைமட்டமாகிவிடலாம். ஆயில் தேங்கும், சீலைத் தாண்டும், சைலன்சரில் நீலப் புகை வரும்.

அதனால் டர்போவை முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். திரும்பும் குழாய் அரை அங்குலத்துக்குக் குறையாமல், வளைந்து தொங்காமல், சம்பில் (இஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். மாட்டிய பிறகு ஜாக்கி வைத்து வண்டியை நாலு பக்கமும் சாய்த்துப் பார்ப்பது நல்லது.

படி 8: தண்ணீர், காய்ந்த புல்

செக்கச் சிவந்த டர்போ மேல் ஓடைத் தண்ணீர் அடித்தால் மேனிஃபோல்டு (இஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்) விரிசல் விடலாம். கேடயத் தகடு போடுங்கள், தண்ணீரில் இறங்கும் முன் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஏர் ஃபில்டரைக் கீழே வைக்கவே கூடாது, ஸ்நார்கல் (உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய்) கட்டாயம். இன்டர்கூலர் குழாயில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போக வழி இருக்கிறது. காய்ந்த புல்லில் நிறுத்தும்போது அடியில் குனிந்து பாருங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

படி 9: முதல் ஸ்டார்ட்

இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றி வைத்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். டர்போவுக்குள் முதலில் ஆயில் போகட்டும். அப்புறம் இணைத்து ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பாருங்கள். டியூனிங்கை டைனோவில் (வண்டியை நிறுத்தி வைத்தே சக்தியை அளக்கும் கருவி) செய்யுங்கள், வேஸ்ட்கேட் (டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் கொடுக்கும் அழுத்தத்துக்கு மேல் முதல் நாளில் போக வேண்டாம். இஞ்சின் சூடாகி முழுக்க ஆறிய பிறகு மேனிஃபோல்டு போல்ட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். இரும்புத்தூள் ஒட்டினால், மறுபடி ஓட்டும் முன் சம்பைக் கழற்றுங்கள்.