முதல் துப்பாக்கி: ரைஃபிளா, ஷாட்கன்னா, ஏர் ரைஃபிளா?

போன தை மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாழை போட்டிருக்கிறவன். காப்பி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மாமா, ஒரே ராத்திரில அறுபது வாழையைப் பன்னி சாச்சுட்டுப் போயிருச்சு. நல்ல துப்பாக்கியா ஒண்ணு சொல்லுங்க."

"சுட்டா பன்னி மட்டும் போவாதுல, நீயும் உள்ள போவ."

பயல் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் துப்பாக்கி ஆசை விடவில்லை. சரி, ஆசை இருந்தால் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) காகிதத்தைச் சுடு, அதற்கு என்ன வாங்க வேண்டும் என்று நான் சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவனுக்குச் சொன்னதைத்தான், முதல் தடவை துப்பாக்கி தொடப் போகிற எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: குண்டு எங்கே போய் நிற்கும்?

பலர் கடையில் ஒரு துப்பாக்கியைப் பார்த்து மயங்கிவிட்டு, அப்புறம் அதற்கு வேலை தேடுகிறார்கள். முதலில் வேலையை முடிவு செய்யுங்கள்.

வேட்டை என்றால் நம் ஊரில் பேச்சு அங்கேயே முடிந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற சட்டம் இல்லை. உங்கள் சொந்த வயலிலும் அதே சட்டம்தான். மிளா, பன்றி, முயல், மயில், கவுதாரி எதையும் தொட முடியாது. காற்றழுத்தத்தில் சுடுகிற ஏர்கன்னால் கொக்கு அடித்தாலும் குற்றம் குற்றம்தான். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் வாங்கி வைத்திருக்கிறவர்களும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அது துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதி. விலங்கைச் சுடலாமா என்பதை வனத்துறைதான் முடிவு செய்யும். பொங்கல் கழிந்து முயலுக்குப் போவது தாத்தா காலத்துப் பழக்கம் என்று ரேஞ்சரிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும். (பன்றிக்கு மருமகன் கடைசியில் சோலார் வேலிதான் போட்டான். வீட்டுக் கரண்டை வேலியில் கொடுக்கிறவர்களும் அவுட்டுக்காய் (தீனிக்குள் நாட்டு வெடி) வைக்கிறவர்களும் பன்றியை விட மனுசனைத்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள்.)

ஆக, நமக்கு மிச்சம் இருப்பது இரண்டு இலக்குகள். அசையாத காகித அட்டை, பறக்கிற களிமண் தட்டு. அட்டைக்கு ரைஃபிள், தட்டுக்கு ஷாட்கன்.

படி 2: குழலுக்குள் பாருங்கள்

தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடுகிற தண்டை) கழற்றிவிட்டு, ரைஃபிள் குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே வரிவரியாக முறுக்கு ஓடும். பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை ஒரே இடத்தில் நிற்கிறது, சுற்று தளர்ந்தால் தலையாட்டுகிறது இல்லையா? அந்த முறுக்கு குண்டைச் சுற்ற வைப்பதும் அதற்காகத்தான். ஒரே குண்டு, ஒரே புள்ளி.

ஷாட்கன் குழல் உள்ளே வழுவழுவென்று இருக்கும். அதில் போவது ஒரு குண்டு இல்லை, ஒரு பிடி ரவை, அதாவது பொடிப் பொடியான குண்டுகள். போகப் போக விரியும். நம் ஊரில் 'ட்வெல்வ் போர்' என்கிறார்களே, அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டை என்ன பருமனோ, அதுதான் குழலின் விட்டம். சுமார் 18.5 மி.மீ. இருபது உருண்டையாக உருட்டினால் ஒவ்வொன்றும் சிறுக்கும். அதனால் 20 போர் என்பது 12 போரை விடச் சின்னது. எண் கூடினால் துப்பாக்கி பெரிசு என்று நினைத்து ஏமாறாதீர்கள். .410 என்கிற ஷாட்கன் மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது அங்குல அளவு.

குழல் முனையில் 'சோக்' என்று ஒரு குறுக்கல் இருக்கும். செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயை விரலால் நெரிக்கிற மாதிரி. நெரிக்க நெரிக்க ரவை தூரம்வரை சேர்ந்தே போகும். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் சுமார் 70 சதவீத ரவையைப் போடும். நெரிப்பே இல்லாத சிலிண்டர் 40 சதவீதம். தட்டு உங்களை விட்டு விலகி ஓடுகிற ட்ராப் போட்டிக்கு இறுக்கமான சோக், பக்கவாட்டில் அருகே பறக்கிற ஸ்கீட் போட்டிக்குத் திறந்த சோக்.

படி 3: உடம்புக்குப் பொருந்துகிறதா?

என்னைக் கேட்டால் மாடல், பிராண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். சட்டை எடுக்கப் போனால் தோளில் வைத்துப் பார்க்கிறோம். துப்பாக்கி வாங்குகிறவர்கள் மட்டும் படத்தைப் பார்த்தே காசு கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் கண். நம் இரண்டு கண்ணில் ஒன்றுதான் தலைமை. மருமகனைப் புறவாசலில் நிறுத்தி, இரண்டு கையையும் நீட்டி, கட்டைவிரல் இடுக்குகளைச் சேர்த்து ஒரு சின்ன முக்கோண ஓட்டை வைக்கச் சொன்னேன். அதன் வழியே இரண்டு கண்ணும் திறந்தபடி வேப்பமரத்தில் இருந்த ஒரு கணுவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, "இப்ப இடது கண்ணை மூடு" என்றேன்.

"கணுவைக் காணோம் மாமா!"

அப்படியென்றால் அவனுக்கு இடது கண் தலைமை. ஆனால் எழுதுவது, சாப்பிடுவது, மட்டை பிடிப்பது எல்லாம் வலது கை. ரைஃபிளில் இது பெரிய சிக்கல் இல்லை. இடது கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பு வைத்துக்கொள்ளலாம். போட்டி விதியே 30 மி.மீ. அகலம்வரை அனுமதிக்கிறது. ஷாட்கன்னில் பெரும்பாலும் இரண்டு கண்ணும் திறந்தே சுடுவதால் இது படுத்தும். தொடக்கத்திலேயே இடது தோளுக்கு மாறிவிடுவது நல்லது. ஐந்தாறு வருடம் தப்பான தோளில் சுட்டுப் பழகியவரை மாற்றுவதற்குள் பயிற்சியாளருக்குத் தலை நரைத்துவிடும்.

அடுத்தது நீளம். முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் துப்பாக்கியில் தோளோடு அணைக்கிற கட்டையின் அடிப்பகுதியைப் பொருத்துங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை விசையில் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் கட்டை உங்களுக்கு நீளம். வெளிநாட்டுக் கட்டைகள் பலவும் நம்மை விட ஓர் அளவு பெரிய ஆளுக்குச் செய்தவை. மருமகன் ஐந்தடி நாலு அங்குலம், அவனுக்கு முதலில் எடுத்தது கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கும்படி இருந்தது. அடிக்கட்டையை நீட்டிக் குறைக்கிற வசதி உள்ளதாகப் பாருங்கள்.

மூன்றாவது கன்னம். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் இயல்பாகச் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். சைட் (குறி பார்க்கிற அமைப்பு) நேரே தெரிந்தால் அது உங்கள் துப்பாக்கி. ஷாட்கன்னில் பின் சைட்டே கிடையாது, உங்கள் கண்தான் பின் சைட். கன்னம் அரை அங்குலம் உயர்ந்தால் ரவையும் தட்டுக்கு மேலே போய்விடும்.

எடையைக் கடையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலித் துப்பாக்கியைக் குறி பார்த்தபடி ஒரு நிமிடம் பிடியுங்கள். போட்டி ஏர் ரைஃபிள் 5.5 கிலோவரை இருக்கலாம். நாற்பதாவது விநாடியில் தெரியும் சேதி.

படி 4: ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள்

"ஏர்கன்னா? அது பலூன் சுடுறதுல்லா" என்று மருமகன் உதட்டைப் பிதுக்கினான். திருவிழாக் கடையில் பலூன் சுட்ட ஞாபகம்! 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வாங்கிய தங்கம், 2012-இல் சென்னையில் பிறந்த ககன் நாரங் வாங்கிய வெண்கலம், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் போனது, எல்லாமே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அந்த அட்டையில் பத்து மதிப்பெண் என்பது அரை மி.மீ. புள்ளி. அதில் போகிற பெல்லட் குண்டே 4.5 மி.மீ. பார்த்துக்கொள்ளுங்கள்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி .177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. குழலும், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாள அட்டை கொடுத்து, பில்லோடு வாங்குங்கள். "சார், 5.5 எடுங்க, அடி பலமா இருக்கும்" என்று கடைக்காரர் இழுத்தால் விழாதீர்கள். அதற்கு உரிமம் வேண்டும், அட்டைக்கு அந்த அடியும் வேண்டாம்.

ஸ்பிரிங் வகை விலை குறைவு, வேறு எதுவும் தேவையில்லை, குழலை மடக்கினால் போதும். ஆனால் சுடும்போது முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதறும். அதனால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, உள்ளங்கையில் சும்மா கிடக்க விட வேண்டும். என் முதல் ஸ்பிரிங் ரைஃபிளோடு ஒரு கடைக்காரர் பளபளவென்று ஒரு ஸ்கோப்பை (குறி பார்க்கிற தொலைநோக்கியை) என் தலையில் கட்டினார். மூன்றே வாரத்தில் உள்ளே குறுக்குக்கம்பி சாய்ந்து போயிற்று. அந்த இரட்டை உதறலைத் தாங்குவதற்கென்றே செய்த ஸ்கோப் வேறு என்று அப்புறம்தான் தெரிந்தது. தொடக்கத்தில் ஸ்கோப்பே வேண்டாம், திறந்த சைட் போதும்.

பி.சி.பி. என்பது அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வகை. சுமார் 200 பார் அழுத்தம், உதறல் இல்லவே இல்லை, போட்டிக்கு எல்லாரும் இதுதான். விலை கண்ணைக் கட்டும். காற்று நிரப்பத் தனிப் பம்போ பெரிய சிலிண்டரோ வேறு வேண்டும். ஒரு கிளப்பில் சேர்ந்து ஒரு மாதம் அவர்கள் பி.சி.பி.யில் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் புத்தி.

பெல்லட் தட்டையான மூக்கு உள்ளதாக இருக்கட்டும். அட்டையில் வட்டமாகச் சுத்தமான துளை விழும். ஒரே டப்பாவில் நின்றுவிடாமல் மூன்று நாலு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும்.

படி 5: அதற்கு மேல் போகிறவர்களுக்கு

.22 ரைஃபிள், 50 மீட்டர் போட்டிக்கு. ஒலி வேகத்துக்குக் கீழே போகிற ஸ்டாண்டர்டு வெலாசிட்டி தோட்டா வாங்குங்கள், குண்டு அலையாமல் போகும். சின்னத் தோட்டாதானே என்று தோப்பில் வைத்துச் சுட்டுப் பார்க்கிற எண்ணமே வேண்டாம். அது ஒன்றரை கிலோமீட்டர் போகும். வாழைத் தண்டு தடுக்காது.

.315 என்று ஒரு வேட்டை ரைஃபிள் நம் நாட்டில் நிறைய உண்டு, இஷாபூர் தொழிற்சாலையில் செய்வது. .303 ராணுவ அளவு, பொதுமக்களுக்குக் கிடைக்காது. அந்த இடத்துக்கு வந்தது இது. ரேஞ்ச் பயிற்சிக்கு இதில் ஒன்றும் இல்லை, தோள்தான் வலிக்கும்.

தட்டு சுட ஆசை என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைக் குழல் வைத்த 12 போர் எடுங்கள். தட்டின் விட்டம் 110 மி.மீ., தோட்டாவில் ரவை 24 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ட்ராப்புக்கு 30 அல்லது 32 அங்குலக் குழல், ஸ்கீட்டுக்கு 28. பாரிஸ் 2024-இல் ட்ராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் நம் புதுக்கோட்டைக்காரர்.

தாத்தா விட்டுப்போன பழைய டபுள் பேரல் பரணில் இருக்கிறதா? முதலில் அதன் உரிமம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் துப்பாக்கி ரிப்பேர் தெரிந்தவரிடம் காட்டாமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அதில் உள்ளே போய்விடும், சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறும்.

ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ இருந்துகொண்டு உரிமத்தோடு வேட்டைக்குப் போகிற நம் ஆட்களும் கேட்பதுண்டு. மானுக்கும் பன்றிக்கும் .308 ரைஃபிள் போதும், பறவைக்கு 12 அல்லது 20 போர். அமெரிக்காவில் வாத்து, தாரா மாதிரி நீர்ப்பறவைக்கு ஈய ரவை 1991 முதல் தடை, இரும்பு ரவை வாங்க வேண்டும். இரும்பு ரவையைப் பழைய ஃபுல் சோக் குழலில் போட்டால் குழல் கெடும்.

படி 6: உரிமம்

.22, 12 போர் எதற்கும் உரிமம் வேண்டும். 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் மனு, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆள் சாதாரணமாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது, உரிமம் ஐந்து வருடத்துக்கு. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள், சீரியல் எண்ணை அங்கேயே சரிபாருங்கள்.

படி 7: முதல் மாதம்

பத்து மீட்டர் என்பது 33 அடி. டவுன் பக்கத்துப் பழைய நீளவீடுகளில் பட்டாசலிலிருந்து (முன்கூடத்திலிருந்து) புறவாசல்வரை தாராளமாகக் கிடைக்கும். இரண்டு பக்கக் கதவும் தாழ்ப்பாள். இலக்குக்குப் பின்னால் பெல்லட் பிடிக்கிற இரும்புப் பெட்டி, அதற்கும் பின்னால் கல்சுவர். இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். சுடும் நொடிவரை விரல் விசைக்கு வெளியே. காலி என்று தெரிந்தாலும் குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பெல்லட் ஈயம்.

சாரல் காலத்தில் குழலின் வெளிப்புறத்தை லேசாக எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். நான் ஒருமுறை கூடுதல் அக்கறையில் ஸ்பிரிங் ரைஃபிளின் காற்று அறைக்குள் நாலு சொட்டு மெஷின் ஆயில் விட்டேன். அடுத்த சூட்டில் டீசல் எஞ்சின் மாதிரி உள்ளே பற்றி, டமாரென்று வெடித்து, குழல் வாயில் புகை வந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி, "யய்யா, சிலிண்டர் வெடிச்சிட்டா?" என்று ஓடி வந்தார்கள்.

முதல் வாரம் மதிப்பெண்ணே பார்க்காதீர்கள். ஐந்து ஐந்தாகச் சுட்டு, துளைகள் கூட்டமாக விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். மருமகனுக்கு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் ஐந்தும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் சேர்ந்தது, ஆனால் மையத்துக்கு இடப்புறம், கீழே. அவன் குழலை வலதுபக்கம் தள்ளிப் பிடிக்கப் பார்த்தான். பிடியை மாற்றக் கூடாது. துளை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்த வேண்டும். வலப்பக்கம் நாலு கிளிக், மேலே மூன்று. மறுபடி ஐந்து சுடச் சொன்னேன்.