டவுன் சென்டர் சும்மா நிற்கக்கூடாது: ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனி இரவுகளில் கொக்குவிலில் நானும், கனடாவின் ஸ்காபரோவில் இரண்டு மச்சான்மாரும், லண்டனில் ஒரு தம்பியும் சேர்ந்து, ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை பிடிக்கும் கொம்பியூட்டர் ஆட்டமான ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 விளையாடுவோம். எங்களுக்கு இரவு, ஸ்காபரோவில் காலைத் தேத்தண்ணி நேரம். தோற்ற ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சண்டைக்குப் போகுமுன்பே வீட்டில் தோற்றிருக்கிறோம்.

ஊரின் நடுக் கட்டடமான டவுன் சென்டரில்தான் வில்லேஜர் எனும் வேலையாட்கள் உருவாகிறார்கள். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் டவுன் சென்டர் எல்லாமாக இரண்டு நிமிடம் சும்மா நின்றால் நாலு வில்லேஜருக்கு மேல் குறையும். ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 உணவோ மரமோ கொண்டுவருவார் என்று பாருங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் 800க்கு மேல் பொருள் கைவிட்டுப் போகிறது. ஆட்டத்தின் இரண்டாம் கட்டமான ஃபியூடல் யுகத்துக்கு ஏறவே 500 உணவுதான் கேட்கும்! சண்டை நடக்கும்போதும் இடைக்கிடை எச் விசையைத் தட்டி டவுன் சென்டரைப் பாருங்கள்.

வீடு கட்ட மறப்பதும் இதே வகைத் தவறுதான். ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் நாகரிகங்களில் பெரும்பாலானவை மூன்று வில்லேஜரோடும் ஒரு குதிரை வீரனோடும் தொடங்கும். டவுன் சென்டர் தாங்குவது ஐந்து பேரை; அதற்கு மேல் ஆள் சேர வீடு வேண்டும். அதனால் முதல் விநாடியிலேயே வீட்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

அடுத்தது, எதிரி என்ன செய்கிறான் என்று பார்க்காமல் நமக்குப் பிடித்த படையையே கட்டுவது. நைட் எனும் குதிரைப் படைவீரர் ஒருவருக்கு 60 உணவும் 75 தங்கமும் செலவு. அவரை மறிக்கிற ஈட்டி வீரருக்கு 35 உணவும் 25 மரமும் போதும், தங்கமே வேண்டாம். எதிரியின் ஊரில் குதிரை லாயம் எழுவதைக் கண்டும் வில்லாளிகளையே இறக்கிக்கொண்டிருந்தால் தங்கம்தான் வீணாகும்.

2022இல் திராவிடர் நாகரிகம் வந்தபோது எங்கள் பெடியள் எல்லாரும் அதையே எடுத்தார்கள். உருமி எனும் சுருள்வாளோடு வீரர், திரிசடை என்று ஒரு கப்பல். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் திராவிடருக்கு நைட் கிடையாது. குதிரையை நம்பிப் பழகியவர் அதே பழக்கத்தில் இறங்கினால் அடிவாங்குவார். அவர்களின் பலம் காலாட்படையும் கடலும். தண்ணீர் உள்ள வரைபடம் வந்தால் தயங்காமல் எடுங்கள்.

வேலி அடைப்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கதியால் உக்கினால் போதும், ஆடு உள்ளே வந்துவிடும். இங்கும் அப்படித்தான். எதிரி வந்தபிறகு அடைக்கத் தொடங்குவதும், வேலியோடு சேர்ந்து நின்ற மரங்களை வெட்டி வெட்டி இடைவெளி விழுந்ததைக் கவனிக்காததும் வில்லேஜர்களைப் பலி கொடுக்கும்.

அணியாக ஆடும்போது நடுவில் இருப்பவர்தான் பெரும்பாலும் பிழை விடுவார். ஓரத்தில் இருப்பவர்கள் அடிபட்டுக்கொண்டிருக்க, அவர் தன் தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பார். பத்துக் குதிரை உடனே போனால் காப்பாற்றக்கூடிய கூட்டாளி, முப்பது குதிரை பிந்திப் போனால் மிஞ்சமாட்டார். படை அனுப்ப முடியாவிட்டால் பொருளாவது அனுப்புங்கள். அதற்குச் சந்தை கட்டியிருக்க வேண்டும், அனுப்பும்போது வரியும் வெட்டும்.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்கு முக்கியம். ஒருவருடைய கொம்பியூட்டர் திணறினால் எட்டுப் பேரின் ஆட்டமும் மெதுவாகிவிடும். பழைய மெஷின் என்றால் கிராபிக்ஸைக் குறைத்து, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு வாருங்கள். வீட்டில் யாராவது படம் டவுன்லோட் செய்கிறார்களா என்றும் கேளுங்கள்.

தோற்றதும் உடனே அடுத்த ஆட்டம் தொடங்காதீர்கள். பதிவைத் திறந்து, முதல் பத்து நிமிடத்தை மட்டும் வென்றவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் எத்தனையாவது வில்லேஜரில் யுகம் ஏறினார், அந்த நேரத்தில் உங்களிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.