ட்ரூப் லீடராக ஒரு தன்பாலீர்ப்பாளர் வரும்போது: கமிட்டிக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

நியூ ஜெர்சியில் எங்கள் பையன்களின் சாரணர் ட்ரூப்பை (சாரணர் குழுவை) கவனித்துக்கொள்ளும் பெரியவர்களின் கமிட்டிக்குத் தலைவி நான். காபி வாங்குவதிலிருந்து கையெழுத்து போடுவது வரை எல்லாம் என் தலையில்தான். எங்கள் ட்ரூப்பில் ஒரு பையனை அவனுடைய இரண்டு அப்பாக்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். அதில் ஒருவர் அசிஸ்டென்ட் ஸ்கவுட்மாஸ்டராக, அதாவது பையன்களை வழிநடத்தும் துணை லீடராக, வர விரும்பினார், வந்தார். அதிலிருந்து வேறு ஊர் ட்ரூப்களில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி: "எப்படிங்க சமாளிச்சீங்க?" சமாளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் கவனம் வேண்டும்.

முதல் போன் பெற்றோர்களுக்கு அல்ல, சார்ட்டர், அதாவது சாரணர் அமைப்பின் அனுமதி, பெற்று உங்கள் ட்ரூப்பை நடத்தும் இடத்துக்கு. அது சர்ச்சாக இருக்கலாம், லயன்ஸ் கிளப்பாக இருக்கலாம், சில ஊர்களில் கோயிலாகவும் இருக்கலாம். தன்பாலீர்ப்பாளர்கள் லீடராகக் கூடாது என்ற தடையை, அப்போது பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் இருந்த நம் சாரணர் அமைப்பின் தேசிய நிர்வாகக் குழு 2015 ஜூலை 27 அன்று நீக்கியது. ஆனால் மத அமைப்புகள் தங்கள் நம்பிக்கைப்படி லீடர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தது. அதனால் ஒரே ஊரில் இரண்டு ட்ரூப்களில் இரண்டு விதமான பதில் கிடைக்கலாம். அவரை ஃபாரம் நிரப்பச் சொல்லிவிட்டு, பிறகு சர்ச் மறுத்துவிட்டது என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அந்த இடத்தின் சார்ட்டர் பிரதிநிதியிடம் நேராகவே கேளுங்கள்: "உங்கள் நிலைப்பாடு என்ன?" சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்த பதில்தான் வரும்.

பச்சைக்கொடி கிடைத்துவிட்டால், மற்ற எவருக்கும் என்ன செய்வீர்களோ அதை மட்டும் செய்யுங்கள். அதே விண்ணப்பம், அதே குற்றப் பின்னணிச் சோதனை, அதே சிறார் பாதுகாப்புப் பயிற்சி. அவரைத் தெரிந்தவர்கள் சிலரிடம் பேசுங்கள், எல்லோருக்கும் பேசுவது போலவே. விண்ணப்பத்தில் யாரைக் காதலிக்கிறீர்கள் என்று ஒரு கட்டம் கிடையாது. நீங்களும் கேட்க வேண்டாம்.

முக்கியமாக, பெற்றோர் கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். "எல்லாருக்கும் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே" என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். வேறு எந்த அப்பாவுக்காவது கை தூக்கச் சொன்னோமா? இதே நியூ ஜெர்சியில், மாட்டவான் ஊரின் ட்ரூப் 73இல் ஜேம்ஸ் டேல் என்ற இளைஞர் அசிஸ்டென்ட் ஸ்கவுட்மாஸ்டராக இருந்தார். சிறுவயதிலிருந்தே சாரணர், சாரணர்களின் மிக உயர்ந்த பட்டமான ஈகிள் வாங்கியவர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்று 1990இல் ஒரு செய்தித்தாள் மூலம் தெரிந்ததும் கடிதம் போட்டு நீக்கிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அமைப்பின் பக்கம் சாய்ந்தது. ட்ரூப் பையன்களை டேல் எப்படி நடத்தினார் என்பது வழக்கில் கேள்வியாகவே இல்லை. கை தூக்கச் சொல்லும் கூட்டத்திலும் அது கேள்வியாக இருக்கப்போவதில்லை.

அப்புறம் போன் வரும். எனக்கு வந்தது நம் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. கேம்ப்ல டென்ட்டெல்லாம் எப்படி?" இந்தக் கேள்விக்குக் கோபப்பட வேண்டாம், பிள்ளையைப் பற்றிய கவலைதான். ஆனால் "அவர் ரொம்ப நல்லவர்" என்று சான்றிதழும் கொடுக்காதீர்கள். விதியைச் சொல்லுங்கள். ட்ரூப் முகாமில் பெரியவர்கள் தனி டென்ட், பையன்கள் தனி டென்ட். குளியலுக்குத் தனித்தனி நேரம். பதிவு செய்த, 21 வயது நிரம்பிய இரண்டு பெரியவர்கள் எந்த நிகழ்ச்சியிலும் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. குறுஞ்செய்தி அனுப்பினால்கூட இன்னொரு பெரியவரைச் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். "என் வீட்டுக்காரர் முகாமுக்குப் போனாலும் இதே விதிதான் தம்பி" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ என் பையனோட நானும் ஒரே டென்ட்ல படுக்க முடியாதா?" என்று கேட்டார். முடியாது. அதில்தான் அவருக்கு உண்மையான வருத்தம்!

இன்னும் விடாமல் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிறார் பாலியல் கொடுமை வழக்குகளால் இந்த அமைப்பு 2020இல் திவால் பாதுகாப்பு கேட்டது; 80,000க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கோரினார்கள். அவை பெரும்பாலும் தன்பாலீர்ப்பாளர்களுக்கான தடை நீக்கப்படுவதற்கு முந்தைய காலத்துச் சம்பவங்கள். அந்தத் தடை ஒரு பிள்ளையையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றுவது இரண்டு பெரியவர் விதி, அதுவும் அதை யாருக்கும் தளர்த்தாதபோது.

பையன்களைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அவர்களுக்கு அவர் கட்டும் முடிச்சு சரியாக நிற்கிறதா என்பதுதான் முக்கியம். யாராவது கேட்டால், "ஆமாம், அவனுக்கு இரண்டு அப்பா" என்பதே போதும். அதற்கு மேல் விளக்குவது அவரவர் வீட்டு வேலை. அவரையே முன்னால் நிறுத்தி "உங்கள் அனுபவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்களேன்" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் வந்தது கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுக்க.

சின்ன விஷயங்கள் சில. உங்கள் ட்ரூப் தயாரித்த படிவங்களில் "தாய் / தந்தை" என்று இருந்தால் "பெற்றோர் 1, பெற்றோர் 2" என்று மாற்றிவிடுங்கள். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் உதவும். முகாமில் மற்ற தம்பதிகள் ஒரே டென்ட்டில் தங்கலாம் என்றால் இவர்களும் தங்கலாம். ஈகிள் பதக்கப் பெட்டியில் அம்மாவுக்கு ஒரு பின், அப்பாவுக்கு ஒரு பின் என்று வரும். இரண்டு அப்பா உள்ள பையனுக்கு இன்னொரு அப்பா பின்னை முன்கூட்டியே தனியாக வாங்கி வையுங்கள். விழா மேடையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

சார்ட்டர் வருடாவருடம் புதுப்பிக்கப்படும். பாஸ்டர் மாறினால் நிலைப்பாடும் மாறலாம், அதனால் புதியவர் வந்ததுமே போய்ப் பேசுங்கள். மறுத்துவிட்டால் உங்கள் வட்டாரச் சாரணர் கவுன்சிலைக் கூப்பிடுங்கள். ட்ரூப்பையே சார்ட்டர் பெறும் வேறு இடத்துக்கு மாற்ற வழி உண்டு. மதச் சார்பில்லாத கிளப் ஒன்றோடு இப்போதே பழக்கம் வைத்துக்கொண்டால் அந்த மாற்றம் சீக்கிரம் முடியும்.